இரவு ஷிஃப்டு

மணி எட்டே முக்கால்.
ஏகாம்பரகுப்பம் மூன்றாவது சந்தில்
இருபத்தாறு தறி ஓடும் ஷெட்டுக்குள்
பேச்சு என்பது கையசைப்புதான்.
மருந்துப் பெட்டியோடு வாசலில் நின்று
வெங்கடரமணம்மா தெலுங்கில் ஏதோ கத்தினாள்.
வாய் மட்டும் திறந்து மூடியது.
மெயின் ஸ்விட்சை இறக்கினேன்.

அப்படியொரு அமைதி
ஆயுத பூஜைக்குத்தான் எங்களுக்கு வாய்க்கும்.

"ராத்திரி ரத்தம்தான் வேணும்" என்றாள்
பாதித் தமிழில்.
பகலெல்லாம் அது உள்ளே ஆழத்தில் கிடக்குமாம்.
கொசு கடிக்கும் வேளை பார்த்து
தோலோரம் வந்து நிற்குமாம்.
"அப்போ அதுக்கும் நைட் ஷிஃப்டா?"
என்றான் நாதமுனி.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு விரலை நீட்டினோம்.
இழை முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்கள்,
இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது.
கண்ணாடிச் சில்லில் மூன்று கோடு,
துண்டுக்குக் கரை போட்ட மாதிரி.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.
போன வருஷம் அவள் கொடுத்த மாத்திரையை
நாக்குக்கு அடியில் வைத்திருந்து
அவள் சந்து திரும்பியதும்
சாயக் கால்வாயில் துப்பினேன்.
காய்ச்சல் வரும் என்றார்கள்.
காய்ச்சல் வந்தால் மீட்டர் குறையும்,
மீட்டர் குறைந்தால் கூலி குறையும்.
என் கால்தான் நன்றாக இருக்கிறதே.

பதினோராம் நாள் சீட்டு வந்தது.
எழுபத்து மூன்று பேரில் நான்கு பேர்.
நான்கில் நான் ஒருவன்.
ஆஸ்பத்திரிக் கருவியில் குனிந்து பார்த்தேன்:
ஊதா நிறத்தில் ஒரு நூல் துண்டு
உறைக்குள் சுருண்டிருந்தது.
எத்தனையாம் நம்பர் நூல் என்று
என்னை அறியாமல் கணக்குப் போட்டேன்.
அத்தனை மெலிதாக எந்த மில்லிலும் நூற்பதில்லை.

பக்கத்து வீட்டுக் கஜலட்சுமி
புடவையைத் தரையில் இழுத்துத்தான் கட்டுவாள்.
போதகாலு என்று முதுகுக்குப் பின்னால்
இரண்டு பாஷைக்காரர்களும் ஒரே சொல்லில் சொல்வோம்.
அவளுக்கு வீங்கி ஒன்பது வருஷம்.
நான் இந்தச் சந்துக்கு வந்து ஆறு.
அந்தக் கணக்கில் ஒரு ஆறுதல்.
அவள் மகனுக்கு வயது ஐந்து.
அங்கே ஆறுதல் முடிந்துபோகிறது.

அதனால்தான்
சங்கத்து வாசலில் பெஞ்சு மேல் ஏறி
சாப்பிட்ட வயிற்றோடு
எல்லார் எதிரிலும் விழுங்கினேன்.
நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.
துப்பின கதையையும் சொன்னேன்.
துப்பினவர்கள் கை தூக்குங்கள் என்றதற்கு
எண்ணிச் சலிக்குமளவு கைகள்.
அதில் முதலாளி சுப்பராயலுவின் மோதிரக் கையும் உண்டு.

ராத்திரி காய்ச்சல் வந்தது.
"உள்ளே சாகுது, விடு" என்றாள் வெங்கடரமணம்மா.
என் நான்கு தறியை நாதமுனி ஓட்டி
என் பேரிலேயே மீட்டர் எழுதினான்.
கேட்டால், ஒரு டீ வாங்கிக் கொடு என்கிறான்.

அந்த வாரம்
விற்பனைக்கு ஆகாத வலைத்துணியை முழம் முழமாய்க் கிழித்து
கக்கூஸ் தொட்டிக் காற்றுக்குழாய் ஒவ்வொன்றுக்கும்
வாய் கட்டினோம்.
மாடியிலிருந்து பார்த்தால்
நூற்றுப் பன்னிரண்டு மாப்பிள்ளைகள்
தலைப்பாகையோடு நிற்கிற மாதிரி,
வாசனை மட்டும் கல்யாண வாசனை இல்லை.

சாயக் கால்வாய் இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.
நகராட்சிக்கு மூன்று மனு,
இரண்டு தெலுங்கில், ஒன்று தமிழில்,
எது அவர்களுக்குப் புரியும் என்று தெரியாததால்.

இன்று காலை குழாயடியில்
கஜலட்சுமி கணுக்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகி
விரலிடுக்கு விரலிடுக்காகச் சோப்புப் போட்டு
துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.
நான் குடத்தை நகர்த்தி இடம் விட்டேன்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அவள் மகன்தான்
போகிற வருகிறவர்களை நிறுத்தி
நாக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான்,
மாத்திரை போட்டு நான்கு நாளாகியும்.